பிரியாணி அட்டையைப் பழைய பேப்பர் கடையில் ஏன் வாங்குவதில்லை?

வியாசர்பாடியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியை எடைக்குப் போட்டேன். கடைக்காரர் அதை எடுத்துக்கொண்டு, பிரியாணி வந்த அட்டையை மட்டும் திருப்பிக் கொடுத்துவிட்டார். இரண்டும் அட்டைதானே?"

அட்டைதான். இரண்டுமே மரத்திலிருந்து வந்த செல்லுலோஸ் இழைகள்தான். பெட்டிக்குள் அலை அலையாக ஓடும் தாளை ஒட்டியிருப்பது ஸ்டார்ச் பசை. தண்ணீர் பட்டாலே விட்டுவிடும். சிக்கல் எண்ணெயில் இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு துண்டு அட்டையைக் கிழித்து, பாட்டில் தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறவைத்தேன். காலையில் நன்றாகக் குலுக்கியதும் கூழாகிவிட்டது. பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, அழுத்திப் பிழிந்து, மொட்டைமாடி வெயிலில் காயவைத்தேன். சாயங்காலம் கையில் ஒரு முரட்டுத் தாள்! நான் பசை எதுவும் சேர்க்கவே இல்லை.

அப்படியானால் ஒட்டியது எது? செல்லுலோஸின் உடம்பெங்கும் ஆக்சிஜன்–ஹைட்ரஜன் ஜோடிகள் கைகள்போல நீட்டிக்கொண்டிருக்கின்றன. தண்ணீர் மூலக்கூறும் அதே வகைதான். ஊறும்போது தண்ணீர் இழைகளுக்கு நடுவே புகுந்து, அவை ஒன்றையொன்று பிடித்திருந்த கைகளைத் தான் பிடித்துக்கொள்கிறது, இழைகள் பிரிகின்றன. காயும்போது, மிஞ்சிய நீரின் பரப்பு இழுவிசை இழைகளை நெருக்கமாக இழுத்து வருகிறது. கடைசி நீரும் போனதும் பக்கத்துப் பக்கத்து இழைகள் நேராகக் கைகோத்துக்கொள்கின்றன. இதுதான் ஹைட்ரஜன் பிணைப்பு. தனித்தனியாகப் பார்த்தால் பலவீனமானது. ஆனால் ஊர் கூடித் தேர் இழுப்பதுபோல, கோடிக்கணக்கில் சேரும்போது பெட்டியே நிற்கிறது. எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு இது அலுப்பதில்லை.

எண்ணெய்க்கு அந்தக் கைகள் கிடையாது. இழைமேல் படலமாகப் படிந்து, தண்ணீரையும் பக்கத்து இழையையும் நெருங்கவிடாது. புதுத் தாளில் அந்த இடம் கறையாகவோ ஓட்டையாகவோ போய்விடும்.

பழைய தாளைக் கூழாக்கிப் புதுத் தாளாக்கும் ஒவ்வொரு சுற்றிலும் இழை கொஞ்சம் குட்டையாகும். ஐந்தாறு சுற்றுக்குமேல் தாங்காது. நீள இழைக்காகவும் நாம் வெளிநாட்டுப் பழைய தாளை இறக்குமதி செய்கிறோம். புகளூர் ஆலையில், இயல்பிலேயே குட்டை இழை கொண்ட கரும்புச் சக்கையிலிருந்தே தாள் செய்கிற நம் மாநிலத்தில், குட்டை இழையை வலுவாக்கும் ஆராய்ச்சிக்கு அரசு இன்னும் தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் கருத்து.

சரி, வீட்டில் என்ன செய்வது? டேப்பை உரித்துவிட்டு, பெட்டியை மடித்து, மழை நனையாத இடத்தில் வையுங்கள். பிரியாணி அட்டையில் எண்ணெய் படாத மூடியைக் கிழித்து அதோடு சேருங்கள். மிச்சத்தில் பிளாஸ்டிக் பூச்சு இல்லையென்றால், துண்டு துண்டாக்கிச் செடிக்கான உரக்குழியில் போடலாம்.