ஜுவனைல்: சிறார்

காவல் நிலையங்களில் அன்றாடம் புழங்கும் ‘ஜுவனைல்’ என்ற சொல், இளையவர் என்று பொருள்படும் இலத்தீன் ‘யுவெனிஸ்’ என்பதன் வழியில் ஆங்கிலத்துக்கு வந்தது. மூலத்தில் அது வயதை மட்டுமே குறித்தது. குற்றத்தின் கறை நீதிமன்றங்களிலும் நாளிதழ்களிலும் புழங்கிப் புழங்கிப் பின்னால் ஒட்டியது. ‘இளங்குற்றவாளி’ என்று தமிழாக்கியவர்கள் அந்தக் கறையையே சொல்லாக்கிவிட்டார்கள். விசாரணை தொடங்கும் முன்பே தீர்ப்பைச் சொல்லிவிடும் சொல் அது.

தகுந்த தமிழ் ‘சிறார்’. ‘சிறு’ என்னும் அடியில் பிறந்து, சங்கப் பாடல்களில் ‘சிறாஅர்’ என அளபெடுத்து வரும் பலர்பாற் பெயர் இது. ஆணையும் பெண்ணையும் ஒருங்கே குறிக்கும். ‘ஒரு சிறார்’ என்று எழுதினால் நெருடும். ஒருமைக்குச் சிறுவன், சிறுமி இருக்கவே இருக்கின்றன. அலுவலகங்கள் விரும்பும் ‘இளஞ்சிறார்’ கூறியது கூறல்தான். முதிய சிறார் எங்கேனும் உண்டா?

சட்டமும் சொல்லை மாற்றிக்கொண்டே வந்திருக்கிறது. 2015ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டம் ‘சட்டத்துடன் முரண்பட்ட குழந்தை’ என்கிறது. குற்றஞ்சாட்டும் சொற்களைக் குழந்தை தொடர்பான நடவடிக்கைகளில் பயன்படுத்தலாகாது என்பதை அதன் 3ஆம் பிரிவு அடிப்படை நெறிகளுள் ஒன்றாகவே வைத்திருக்கிறது. சிறாரோடு அடிக்கடி பழகும் காவலர்களுக்குத் தனிப் பயிற்சி வேண்டும் என்று சிறார் நீதிக்காக ஐ.நா. 1985இல் வகுத்த பெய்ஜிங் விதிகளும், சிறாரைக் கைது செய்வது கடைசி வழியாகவும் மிகக் குறுகிய காலத்துக்காகவும் மட்டுமே இருக்க வேண்டும் என்று, இந்தியா 1992இல் ஏற்ற ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 37ஆம் உறுப்பும் கூறுகின்றன. வேலூரில் பயிற்சி பெறும் புதுக் காவலருக்கு இவற்றைப் பாடமாக நடத்தினால் போதாது. எழுதிப் பழக்கவும் வேண்டும்.

வேலூர்ப் பேருந்து நிலையத்தில் பை திருடியதாக 15 வயதுப் பையன் ஒருவன் பிடிபட்டதாகக் கொள்வோம். நிலைய ரைட்டர் கைப்பழக்கத்தில் ‘மேற்படி எதிரியைக் கைது செய்து’ என்று தொடங்குவார். காவல் தமிழில் ‘எதிரி’ என்றால் குற்றஞ்சாட்டப்பட்டவர். ஆனால் பையனின் தாயார் அதைப் படித்தால் பகைவன் என்றுதான் புரிந்துகொள்வார். அரபு வழி வந்த ‘கைது’ம் இங்கே பொருந்தாது, ‘பிடித்து’ என்பதே போதும். அவனை லாக்கப்பில் வைக்கவும் கூடாது, பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் சிறார் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்தவும் வேண்டும். எனவே ரைட்டர் எழுத வேண்டியது: ‘மேற்படி சிறுவனைப் பிடித்து, குழந்தை நலக் காவல் அலுவலரின் பொறுப்பில் ஒப்படைத்து, பெற்றோருக்குத் தகவல் தெரிவித்து.’