சேணம்: சைக்கிள் சீட்டுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

சேணம் (பெயர்ச்சொல்): குதிரையின் முதுகில் ஏறி அமர்வதற்காகப் பூட்டுவது. சைக்கிளில் நாம் அமரும் பாகத்துக்கும் இதே சொல்லை எழுத வேண்டும் என்பது என் கட்சி.

மலையகத்தில் எந்தச் சைக்கிள் கடையில் கேட்டாலும் அதற்குப் பெயர் 'சீட்டு'. பேச்சுக்கு அது போதும். எழுத்தில்தான் இடிக்கிறது, மாதாமாதம் கட்டுவதும் சீட்டு, டிஸ்பென்சரியில் எழுதித் தருவதும் சீட்டு. பஸ்ஸில் காணும் 'ஆசனம்' என்ற சொல்லை எடுத்துப் போடுகிறவர்கள் உண்டு, 'இருக்கை' என்பவர்களும் உண்டு. எனக்கு இரண்டிலும் உடன்பாடில்லை. ஆசனத்தில் உடம்பின் பாரம் முழுவதையும் இறக்கிவிட்டுச் சாய்ந்துகொள்ளலாம். சைக்கிளில் ஒரு பங்கைக் கால்கள் பெடலில் தாங்குகின்றன, இன்னொரு பங்கைக் கைகள் ஹேண்டிலில் தாங்குகின்றன. மிச்சம்தான் கீழே இறங்குகிறது. குதிரையில் போகிறவரும் பாரத்தில் ஒரு பங்கை மிதிவளையத்தில் ஊன்றித்தான் போகிறார்.

ஆங்கிலத்திலும் சைக்கிள்காரர்கள் 'சாடில்' என்ற குதிரைச் சொல்லைத்தான் வைத்திருக்கிறார்கள். 'உட்கார்' என்று பொருள்படும் பழைய வேரிலிருந்து வந்தது அது. உறவு சொல்லோடு நிற்கவில்லை. தோல் சேணத்துக்குப் பேர்போன புரூக்ஸ் நிறுவனம் 1866இல் பர்மிங்ஹாமில் குதிரைக்கான தோல் சாமான்கள் செய்யத் தொடங்கியது. சைக்கிள் சேணத்துக்குக் காப்புரிமை கேட்டது 1882இல்.

தமிழில் இதற்குச் சொல் பஞ்சமே இல்லை. நெடுநல்வாடையில் மழைக்குளிரில் நிற்கும் குதிரைகள் 'பருமம்' களையாமல் நிற்கின்றன. கலணை என்றும் சொல் உண்டு. பல்லணம் வடமொழி வழி வந்தது. ஜீனி பாரசீகத்து 'ஸீன்'. நமக்கோ சீனி என்றால் தேத்தண்ணிக்குப் போடுவது, ஆகவே அது சரிவராது. 'சேண்' என்றால் தொலைவு என்பதால் நெடும்பயணத்துக்கு உரியது சேணம் என்று யாராவது பொருள் சொன்னால் நம்ப வேண்டாம். ஒலி ஒத்துப்போவது மட்டும் சொற்பிறப்பு ஆகாது. இத்தனையிலும் இன்று உயிரோடு இருப்பது சேணம்தான். நுவரெலியாவில் பந்தயத் திடலும் கிறகரி வாவிக் கரையில் சவாரிக் குதிரைகளும் இருக்கையில், நம் பிள்ளைகளுக்கு இது கண்ணால் பார்த்த பொருளின் பெயர்.

இன்னொரு நன்மை, அதோடு சேர்ந்து வரும் வினை. சேணத்தைப் 'பூட்டுகிறோம்'. ஆளுக்கும் வண்டிக்கும் பொருந்தப் பூட்டாத சேணம், எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும், கம்பளையில் ஏறி இறம்பொடை வருவதற்குள் ஆளை இறக்கிவிடும்.

முதலில் அகலம். சீமெந்துப் படியில் ஒரு காட்போட் மட்டையைப் போட்டு, அதன்மேல் அமர்ந்து கொஞ்சம் முன்னால் குனியுங்கள். எழுந்து பார்த்தால் இரண்டு குழிகள் தெரியும். உட்காரும்போது பாரம் தாங்கும் எலும்பு முனைகள் பதிந்த இடம் அது. குழிகளின் நடுவிலிருந்து நடுவுக்கு அடிமட்டத்தால் அளந்து, ஏறத்தாழ 2 சென்ரிமீற்றர் கூட்டினால் சேணத்தின் அகலம் கிடைக்கும். நிமிர்ந்து ஓட்டுகிறவருக்கு இன்னும் சற்று அகலம் தேவை, நன்றாகக் குனிந்து ஓட்டுகிறவருக்குக் குறைவு. மெத்தென்று இருப்பதே சுகம் என்று நினைத்து ஜெல் வைத்ததை வாங்குகிறவர்கள் ஏராளம். கடைத்தெருவுக்குப் போய்வர அது சரி. நீண்ட ஓட்டத்தில் எலும்பு மெத்தைக்குள் புதைய, நடுப்பகுதி மேலே பிதுங்கி நரம்பையும் இரத்தக் குழாயையும் அழுத்துகிறது, மரத்துப்போவது அதனால்தான். நடுவில் பள்ளமோ திறப்போ உள்ள சேணங்கள் இந்த அழுத்தத்தைக் குறைக்கவே செய்யப்படுகின்றன.

உயரத்துக்குச் சுலபமான வழி, குதிகாலைப் பெடலில் வைத்துக் கீழே கொண்டுவருவது. அப்போது கால் நேராக நீள வேண்டும். முன்பாதத்தால் மிதிக்கையில் முழங்கால் தானாகச் சற்று மடியும். அதற்கு மேல் உயர்த்தினால் இடுப்பு இரண்டு பக்கமும் ஆடித் தோல் உரசும்.

மலைநாட்டுக்காரர் மிகவும் கவனிக்க வேண்டியது சேண மூக்கின், அதாவது அதன் முன்முனையின், சாய்வு. மேசன்மார் வைத்திருக்கும் நீர்மட்டத்தைச் சேணத்தின் மேல் வைத்துச் சமதரையில் மட்டம் பார்த்தால் பொதுவாகப் போதும். ஆனால் 8 வீத ஏற்றத்தில் வண்டியே ஏறத்தாழ நாலரை பாகை பின்னால் சரிகிறது. மூக்கு மேலே எழும்பி அழுத்தும், ஆள் பின்னால் வழுக்குவார். ஹட்டன், நுவரெலியா பக்கம் மணிக்கணக்கில் ஏறுகிறவர்கள் மூக்கை ஒன்று, இரண்டு பாகை தாழ்த்திக்கொள்ளலாம். அதற்கு மேல் வேண்டாம். இறக்கத்தில் ஆள் முன்னால் சரிந்து முழுப் பாரமும் மணிக்கட்டில் விழும். சேணத்தின் அடியிலுள்ள ஆணியை அலன் கீ என்ற அறுகோணச் சாவியால் கொஞ்சம் திருப்பி, ஓட்டிப் பார்த்து, அப்புறம் மறுபடி திருப்புங்கள். உயரத்தையும் சாய்வையும் ஒரே நாளில் மாற்றினால் எது உதவியது என்று தெரியாமல் போய்விடும்.

தோல் சேணம் பழகப் பழக ஆளின் எலும்புக்கு ஏற்பக் குழிந்து கொடுக்கும். ஆனால் ஊறிய தோலில் ஏறி ஓட்டினால் அது தொய்ந்து உருவம் கெட்டுவிடும். நம் ஊர் மழைக்கு வண்டியை வெளியே நிறுத்தும் போதெல்லாம் ஒரு சொப்பிங் பேக்கை அதன்மேல் இழுத்துக் கட்டிவிடுவது நல்லது.