எலி ஏறாத தீவு

கன்னியாகுமரிக் கடற்கரையில் மாணவர்களோடு நிற்கும்போதெல்லாம் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "சார், விவேகானந்தர் பாறை எரிமலை வெடிச்சு வந்ததா?" கறுத்த பாறை, சுற்றிலும் கடல். அப்படித் தோன்றுவதில் தப்பில்லை. இருபது வருடமாக நிலவியல் சொல்லிக்கொடுக்கிறேன். இந்தக் கேள்வி வராத வருடமில்லை.

நம் கரையோரப் பாறைகள் எரிமலை கக்கியவை அல்ல. பூமிக்கடியில் பல கிலோமீட்டர் ஆழத்தில், சுமார் 55 கோடி வருடங்களுக்கு முன் சூட்டிலும் அழுத்தத்திலும் வெந்து உருமாறியவை. சார்னோகைட், நைஸ் என்று வகுப்பில் சொல்வோம். அம்மன் கல்யாணத்து அரிசி மணலாய்ப் போன கதையைச் சொல்லி, பொட்டலம் கட்டி விற்கிறார்களே, அந்தப் பல நிற மணலில் சிவப்பாக இருப்பது இப்படிப்பட்ட பாறைகளில் விளைந்த கார்னெட் மணிகள்தான்.

எரிமலைத் தீவின் கதை வேறு. அது கடலடியிலிருந்து எழுந்து வருவது. எந்தக் கண்டத்தோடும் அது ஒட்டியிருந்ததே கிடையாது. அங்கே வாழும் ஒவ்வொன்றும் பறந்து வந்திருக்க வேண்டும், மிதந்து வந்திருக்க வேண்டும், அல்லது யாரோ ஒருவர் படகில் கொண்டுவந்திருக்க வேண்டும். நான் பேச வந்தது இந்தக் கடைசி வழியைப் பற்றித்தான்.

தக்காணத்தில் 6.6 கோடி வருடங்களுக்கு முன் லாவாவைக் கொட்டிய, பூமிக்குள் ஆழத்தில் இருக்கும் அதே வெப்பப் பகுதி, மேலே நிலத்தட்டு நகர நகர, மாலத்தீவு, சாகோஸ், மொரிஷியஸ், ரீயூனியன் என்று வரிசையாக எரிமலைகளை எழுப்பியது. ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருக்கிற அந்த மொரிஷியசுக்கு வடக்கே சுமார் 22 கிலோமீட்டரில் ரவுண்ட் தீவு என்று ஒன்று இருக்கிறது. பரப்பு ஏறத்தாழ 2 சதுர கிலோமீட்டர், உயரம் 280 மீட்டர். எரிமலைச் சாம்பல் இறுகி உண்டான டஃப் என்னும் மென்மையான பாறைதான் அதன் உடம்பு. 19ஆம் நூற்றாண்டில் ஆட்டையும் முயலையும் அங்கே கொண்டுபோய் விட்டார்கள்.

ஆடு தொடாத செடி என்று நம் ஊரில் ஆடாதொடை, ஆடுதின்னாப்பாளை என்று சிலவற்றைச் சொல்வோம். அந்தத் தீவின் பனங்கன்றுகளுக்கு அந்தக் கசப்பு இல்லை. முளைத்ததெல்லாம் முளையிலேயே போயிற்று. கிழட்டு மரங்கள் சாய்ந்த இடத்தில் புது மரம் எழவில்லை. நம்மவர்கள் வீட்டு முன்னால் அழகுக்கு வைக்கும், அடி பருத்த பாட்டில் பனைக்குப் பிறந்த வீடு அந்தத் தீவு. அங்கேயே அது விரல்விட்டு எண்ணும்படி ஆகிவிட்டது. வேர் பிடித்து நிறுத்தாவிட்டால் டஃப் மேல் மண் நிற்காது. ஒவ்வொரு பெருமழைக்கும் மண் கரைந்து கடலுக்குப் போனது. மண்ணுக்குள் வாழும் ஒரு பாம்பு அங்கே இருந்தது. உலகில் வேறெங்கும் கிடையாது. 1975இல் கண்ணில் பட்டது, அதோடு சரி. ஆடு கடித்துப் பாம்பு சாகவில்லை. பாம்பின் வீட்டை ஆடு தின்றுவிட்டது. பாறையையும் உயிரையும் தனித்தனிப் பாடமாக நடத்தும்போது இந்த ஒன்று பிடிபடாமல் போகிறது.

1979இல் ஆடுகளையும் 1986இல் முயல்களையும் முழுக்க அகற்றினார்கள். கன்றுகள் மறுபடி தலையெடுத்தன. மேல்தாடை இரண்டு துண்டாக மடங்கும் அபூர்வமான இன்னொரு பாம்பு தப்பித்துக்கொண்டது. அதற்கு இன்னொரு முக்கியக் காரணம்: அந்தத் தீவில் எலி ஏறவே இல்லை. எலி ஏறிய மொரிஷியஸ் பெருநிலத்தில் அந்தப் பாம்பு எப்போதோ அழிந்துபோயிருந்தது.

நம் நாட்டிலும் இதே பாடம் உண்டு. அந்தமான் கடலில் நார்க்கொண்டம் என்ற எரிமலைத் தீவு, சுமார் 7 சதுர கிலோமீட்டர். அங்கே மட்டுமே வாழும் ஓர் இருவாச்சிப் பறவை இனம் இருக்கிறது. பழத்தைத் தின்று விதையைப் பரப்பி அந்தக் காட்டை வளர்ப்பதே அதுதான். காவல் முகாமுக்காகக் கொண்டுபோன ஆடுகள் அங்கேயும் பெருகி, கன்றுகளை மேய்ந்து, பிறகு அகற்றப்பட்டன.

சரி, இதை ஏன் குமரி மாவட்டத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன்? தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறைப் பக்கத்து ஆழ்கடல் போட்டுகள் போகாத கடல் இல்லை. தியாகோ கார்சியா என்ற தீவின் பெயர் அந்த ஊர்களில் குழந்தைக்குக்கூடத் தெரியும். அது இருக்கும் சாகோஸ் தீவுக்கூட்டம், மூழ்கிய எரிமலைகள் மேல் பவளம் வளர்ந்து உண்டானது. அங்கே எலி உள்ள 6 தீவுகளையும் எலி இல்லாத 6 தீவுகளையும் ஒப்பிட்ட ஆய்வு 2018இல் வெளியானது. எலி இல்லாத தீவுகளில் கடற்பறவைகள் 760 மடங்கு நெருக்கமாக இருந்தன. பறவை நடுக்கடலில் மீன் தின்று தீவில் எச்சமிடுகிறது. மழை அதைக் கரைத்துப் பவளப்பாறைக்கு உரமாக்குகிறது. அந்தப் பாறைகளில் மீன் எடை 48 சதவீதம் அதிகம். எலி பறவை முட்டையைத் தின்றால் கடலுக்குள் மீன் குறைகிறது. மீனவக் கிராமங்களில் பேசும்போது, கூட்டம் அமைதியாகிக் கேட்பது இந்த இடத்தில்தான்.

ஒருமுறை ஒரு மூத்த ஸ்ராங்கு (போட்டை ஓட்டுபவர்) எழுந்து, "எலி இல்லாத போட்டு உண்டா சாரே?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அரிசி மூட்டையோடும் கயிறு வழியாகவும்தான் எலி ஏறுகிறது. கரையில் கட்டும்போது ஒவ்வொரு கயிற்றிலும் அகலமான வட்டத் தகடு மாட்டுங்கள். ரேஷன் ஏற்றும் முன் மூட்டைகளைத் தட்டிப் பாருங்கள். புறப்படும் முன் இரண்டு ராத்திரி எலிப்பொறி வையுங்கள். புயலுக்கு ஒதுங்க நேர்ந்தால் தீவில் கயிறு கட்டாமல் தள்ளி நங்கூரம் போடுங்கள். ஆட்டுக்குட்டி, பூனை எதையும் எந்தத் தீவிலும் இறக்காதீர்கள்.

அடுத்த முறை அந்த ஊருக்குப் போனபோது, பழைய நீல டிரம்மை வட்டமாக அறுத்து நடுவில் ஓட்டை போட்டு, கட்டுக்கயிறு நான்கிலும் மாட்டியிருந்தார் அவர்.