டிஸ்டார்ஷனை எடுத்துவிட்டால் கிட்டாரில் என்ன மிச்சம்?

1993 நவம்பர் 18, நியூயார்க்கில் உள்ள சோனி மியூசிக் ஸ்டுடியோ. எம்டிவியின் அன்பிளக்ட் நிகழ்ச்சிக்காக (பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மின் கருவிகள் இல்லாமல் வாசிப்பது என்று பொருள்) நிர்வானா என்ற அமெரிக்க ராக் குழு மேடையில் உட்கார்ந்திருக்கிறது, சுற்றிலும் லில்லிப் பூக்களும் மெழுகுவர்த்திகளும். காதைப் பிளக்கும் சத்தத்துக்குப் பேர்போன குழு அது. இரண்டு மாதம் முன்பு வெளிவந்த 'இன் யூட்டரோ' ஆல்பத்தைக் கேட்டவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். ஆனால் அன்றைக்கு அதன் பாடகரும் கிட்டார் கலைஞருமான கர்ட் கோபேன், மார்ட்டின் நிறுவனத்தின் ஒரு பழைய அக்கூஸ்டிக் கிட்டாரை (மரப்பெட்டியே ஒலி எழுப்பும் கிட்டார்) மடியில் வைத்துக்கொண்டு 14 பாடல்கள் பாடினார். அதில் 6 பிறருடையவை, தங்களுடைய மிகப் பெரிய ஹிட் பாடலை அவர்கள் தொடவே இல்லை.

அந்தப் பதிவை எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஆல்பம் 1994 நவம்பரில் வந்தபோது அவர் உயிரோடு இல்லை, அந்தச் செய்தியும் மனதில் இருப்பதால்தான் பாட்டு இன்னும் கனமாகக் கேட்கிறது என்பது உண்மைதான். அதை ஒதுக்கி வைத்துவிட்டுக் கேட்டாலும் சத்தம் குறைந்த இடத்தில் துயரம் கூடியிருக்கிறது. ஏன்? பாதி விடையாவது இயற்பியலில் இருக்கிறது.

முதலில் டிஸ்டார்ஷன் என்ன செய்கிறது என்று பார்ப்போம். எலெக்ட்ரிக் கிட்டாரின் பிக்கப், கம்பியின் அதிர்வை மின் அலையாக மாற்றுகிறது. டிஸ்டார்ஷன் பெடல் அந்த அலையைத் தன்னால் தாங்க முடிகிற அளவுக்கு மேல் பெருக்குவதால் அலையின் மேடும் பள்ளமும் சீவப்பட்டுத் தட்டையாகின்றன. இப்படி வெட்டுப்பட்ட அலையில் முன்பு இல்லாத மேற்சுரங்கள், அதாவது அடிச்சுரத்தின் மடங்குகளில் ஒலிக்கும் உயர்ந்த சுரங்கள், முளைத்துவிடும். 110 ஹெர்ட்ஸ் சுரம் ஒன்றை மட்டும் கொடுத்தாலும் 330, 550, 770 என்று ஒரு கூட்டமே வெளியே வரும்.

இரண்டு சுரங்களைச் சேர்த்து அனுப்பினால் அவற்றின் கூட்டலும் கழித்தலும்கூடக் கேட்கும். ச, ப போல 110, 165 ஹெர்ட்ஸ் கொடுத்தால் வித்தியாசம் 55, அதாவது அதே ஸ்வரம் ஒரு ஸ்தாயி கீழே. புதிதாகப் பிறக்கிற எல்லாமே 55-இன் மடங்குகளில் உட்காருவதால் சத்தம் பிரம்மாண்டமாகவும் சுத்தமாகவும் வரும். ராக் இசையின் பவர் கார்டு (கார்டு என்றால் சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டு) இதுதான். இதே இடத்தில் ச, ப இரண்டுக்கும் நடுவில் வரும் காந்தாரத்தைச் சேர்த்துப் பாருங்கள்: கிட்டாரில் அது 138.6 ஹெர்ட்ஸ், வித்தியாசம் 28.6, எதோடும் ஒட்டாது, கலங்கிப்போகும். அதனால் கனமான ராக்கில் காந்தாரத்தைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். ஆனால் ஒரு கார்டு மேஜரா மைனரா, மலர்ச்சியா வாட்டமா என்று சொல்வதே அந்தக் காந்தாரம்தான்! அக்கூஸ்டிக்கில் இந்தத் தடை இல்லை, மூன்று சுரமும் தெளிவாக நிற்கும்.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது இன்னொன்று. தலை சீவப்பட்ட அலை பாதியாகத் தேய்ந்தாலும் இன்னும் சீவும் உயரத்துக்கு மேலேதான் இருக்கும், ஆகவே வெளியே வரும் சத்தம் ஏறக்குறைய அப்படியே நிற்கும். சுரம் உள்ளே செத்துக்கொண்டிருக்கும், நம் காதுக்கு அது தெரியாது.

அக்கூஸ்டிக் கிட்டாரில் நடப்பது நேர் எதிர். மெல்லிய கம்பியால் காற்றைப் பெரிதாகத் தள்ள முடியாது. அது தன் ஆற்றலைக் குதிரை (கம்பிகளைத் தாங்கும் கட்டை) வழியாக ஸ்ப்ரூஸ் மரத்தாலான மேல்பலகைக்குக் கொடுக்கிறது, பலகைதான் காற்றை அசைக்கிறது. பாட்டில் வாயில் ஊதினால் ஒலி எழுவது போலப் பெட்டிக்குள் இருக்கும் காற்றும் 100 ஹெர்ட்ஸை ஒட்டி ஒத்ததிர்ந்து அடிச்சுரங்களுக்கு உடம்பு கொடுக்கிறது. ஆற்றல் இப்படி வெளியேறிக்கொண்டே இருப்பதால் சுரம் சீக்கிரம் தேய்கிறது, அதிலும் உயர்ந்த மேற்சுரங்கள் முதலில் போய்விடும். ஒவ்வொரு மீட்டலும் பளிச்சென்று தொடங்கி, மங்கி, இருண்டு அடங்குகிறது. சுரம் சாவதை நாம் முழுசாகக் கேட்கிறோம்.

சரி, அன்றைக்கு உண்மையிலேயே பிளக்கைப் பிடுங்கினார்களா? இல்லை. கோபேனுடையது 1959-ஆம் ஆண்டின் மார்ட்டின் டி-18இ. மேல்பலகையிலேயே பிக்கப்புகளைப் பதித்து மார்ட்டின் சுமார் 300 மட்டும் செய்த மாடல் அது. அதிர வேண்டிய பலகையில் இரும்பையும் குமிழ்களையும் ஏற்றினால் அதன் குரல் அடங்கத்தானே செய்யும்? அதில் பார்ட்டோலினி பிக்கப் ஒன்றையும் பொருத்தி, ஃபெண்டர் ட்வின் ரிவர்ப் ஆம்ப்ளிஃபயரில் இணைத்திருந்தார். அந்த ஆம்பை மேடை ஸ்பீக்கர் போலத் தெரியும் ஒரு பெட்டிக்குள் மறைத்து வைத்தார்கள். ஆனாலும் இயல்பான ஒலியாகவே கேட்கிறது, காரணம் அந்த ஆம்ப் அலையின் தலையைச் சீவாமல் பெரிதாக்குவதற்குப் பெயர்பெற்றது. மின்சாரம் இருக்கிறதா இல்லையா என்பது விஷயமே இல்லை, தேய்மானம் பத்திரமாக நம்மிடம் வந்து சேர்கிறதா என்பதுதான் விஷயம். டேவிட் போவியின் பாட்டில் மட்டும் அவர் பெடலை மிதிக்கும்போது அந்தக் கிட்டார் வரி நீண்டு, தேயாமல் நிற்பதைக் கவனியுங்கள், வித்தியாசம் உடனே புரியும்.

அப்புறம் டிரம்ஸ். அடித்து நொறுக்கும் டேவ் க்ரோல் அன்று பிரஷ்ஷும் மெல்லிய குச்சிக் கட்டும் எடுத்துக்கொண்டார். தடித்த குச்சி ஒரே நொடித்துளியில் அறைவதால் உயர் அதிர்வெண்கள் சீறிக்கொண்டு கிளம்பும், பிரஷ்ஷின் பல கம்பிகள் முன்னும் பின்னுமாகத் தொடுவதால் அடி பரவி மெதுவாகிவிடும். இது ஏன் முக்கியம் என்றால், பக்கத்துப் பக்கத்து அதிர்வெண்களில் ஒன்று பலமாக ஒலித்தால் மற்றதைக் காது தவறவிடும். பல ஆயிரம் ஹெர்ட்ஸ் பகுதியில்தான் குரலின் கரகரப்பும் மெய்யெழுத்துகளின் உரசலும் இருக்கின்றன, டிரம்ஸின் உலோகத் தட்டான சிம்பலும் டிஸ்டார்ஷனும் அடைத்துக்கொள்வதும் அதே பகுதியைத்தான்.

லோரி கோல்ட்ஸ்டனின் செல்லோவை (வில்லால் வாசிக்கும், வயலினைவிடப் பெரிய கருவி) ஏன் சேர்த்தார்கள் என்பதும் இங்கேதான் எனக்குப் புரிந்தது. வில் கம்பியைப் பிடித்து, வழுக்கி, மறுபடி பிடித்து ஆற்றலை ஊட்டிக்கொண்டே இருப்பதால் செல்லோவின் சுரம் தேய்வதில்லை. டிஸ்டார்ஷன் கொடுத்துவந்த நீட்சியை இப்போது ஒரு மனிதக் கை கொடுக்கிறது.

கடைசியாக, லெட்பெல்லி என்ற பழைய அமெரிக்கப் பாடகர் பாடிப் புகழ்பெற்ற ஒரு பழைய நாட்டுப்பாடல். முடியப்போகிற வரியின் நடுவில் கோபேன் சட்டென்று நிறுத்தி, கண்ணைத் திறந்து, ஒரு மூச்சு இழுக்கிறார். அந்த மூச்சு மிகச் சன்னமான ஒரு காற்றிரைச்சல், எலெக்ட்ரிக் கிட்டார் முழங்கிக்கொண்டிருந்தால் அது நம் காதுக்கு வந்தே இருக்காது.