அந்த கேஸ் மாத்திரையையும் சொல்லுங்கள்

குடியாத்தத்திலிருந்து வந்த அந்த அம்மாவுக்கு நாற்பதைத் தாண்டிய வயது. எடைக்குறைப்பு அறுவை சிகிச்சைக்காக வந்திருந்தார். படிவத்தில் சர்க்கரை, பிரஷர் இரண்டையும் எழுதியிருந்தார். வேறு தொந்தரவு ஒன்றும் இல்லை என்றார். கிளம்பும் நேரத்தில்தான் கணவர் வாயைத் திறந்தார்: "கேஸ் மாத்திரை போடாம இவளுக்கு விடியாது மேடம்."

எத்தனை வருடமாக என்று கேட்டேன். ஆறு வருடம். ராத்திரி மூன்று தலையணை வேண்டும்; தாழப் படுத்தால் புளித்த தண்ணீர் தொண்டை வரை வந்து எழுப்பிவிடும். "அதெல்லாம் ஒரு நோயா மேடம்?" என்று கேட்டார்.

வேலூரில் உணவியல் ஆலோசகராக இருக்கிற என்னிடம் இந்தக் கேள்வியை அடிக்கடி கேட்கிறார்கள். ராத்திரி பத்து மணிக்குப் பிரியாணியும் கத்திரிக்காயும் சாப்பிட்டுவிட்டு அப்படியே படுப்பது, நெஞ்சு கரித்தால் மெடிக்கலில் ஓர் அட்டை வாங்கிக்கொள்வது, இரண்டுமே நம் பக்கம் சாதாரணமாகிவிட்டன. ஆனால் உங்களுக்கு எந்த அறுவை சிகிச்சை பொருந்தும் என்பதையே இந்த எதுக்களிப்பு மாற்றிவிடலாம்.

வயிற்றில் கொழுப்பு சேரச் சேர உள்ளே அழுத்தம் கூடும். அது இரைப்பையில் இருப்பதை மேலே தள்ளும். உணவுக்குழாயின் அடியில் இருக்கும் வால்வும் தளர்ந்திருந்தால் அமிலம் ஏறத்தான் செய்யும். எடை குறைந்தால் இது சரியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். சிலருக்குச் சரியாகவும் செய்கிறது. ஆனால் ஸ்லீவ் என்ற எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை முறையில் ஒரு சிக்கல் உண்டு. இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, மீதியை வாழைப்பழம் போல ஒடுங்கிய குழாயாக விடுவார்கள். ஒடுங்கிய குழாய்க்குள் அழுத்தம் அதிகம். அதனால் முன்பு நெஞ்சு கரித்தவருக்கு அது கூடலாம். ஒன்றும் இல்லாதவருக்குப் புதிதாகவும் வரலாம்.

பைபாஸ் என்ற இன்னொரு முறை வேறு. (இதய பைபாஸ் என்று பயந்து போன ஒருவரைச் சமாதானப்படுத்த எனக்கு அரை மணி நேரம் ஆனது. இது வயிற்றில் செய்வது.) இரைப்பையின் மேல்பகுதியில் சுமார் 30 மில்லி கொள்ளும் சின்னப் பை ஒன்றைப் பிரித்து, சிறுகுடலை அதனோடு இணைப்பார்கள். அமிலம் அதிகம் சுரக்கும் பெரிய பகுதி தனியாகிவிடுவதால், அமிலம் மேலே வர வழி குறைவு. பின்லாந்தில் 240 பேரிடம் இரண்டு முறைகளையும் ஒப்பிட்ட ஆய்வில், 10 ஆண்டுகள் கழித்து எண்டோஸ்கோப்பி (வாய்வழியாகக் கேமரா குழாய் விட்டுப் பார்ப்பது) செய்து பார்த்தார்கள். ஸ்லீவ் செய்தவர்களில் 31 சதவீதம் பேருக்கு உணவுக்குழாயில் புண் இருந்தது. பைபாஸ் செய்தவர்களில் 7 சதவீதம்.

அந்த அம்மாவுக்கு எண்டோஸ்கோப்பி செய்தபோது, இரைப்பையின் மேல்பகுதி, மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தின் துளை வழியாக மார்புக்குள் ஏறியிருந்தது. உணவுக்குழாயிலும் நன்றாகவே புண். ஸ்லீவ் என்று வந்தவருக்கு எங்கள் அறுவை சிகிச்சை மருத்துவர் பைபாஸைப் பரிந்துரைத்தார். கணவர் அன்று பேசாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைத்துக்கொள்கிறேன். ஆகவே ஆலோசனைக்கு வரும்போது அந்த மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்து வாருங்கள். ராத்திரி இருமல், காலையில் கரகரத்த குரல், வாயில் புளிப்பு, எல்லாவற்றையும் சொல்லுங்கள். விழுங்கும்போது அடைத்தாலோ, மலம் கறுப்பாகப் போனாலோ ஒரு நாளும் தள்ளிப்போட வேண்டாம். நெஞ்சு அழுத்தி வியர்த்தால் கேஸ் என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள், முதலில் ஈசிஜி.

சரி, அறுவை சிகிச்சை முடிந்த பிறகு? முதல் மாதங்களில் பலர் "மறுபடியும் ஆசிட் வருது" என்று போன் செய்வார்கள். என்ன வந்தது என்று கேட்டால், நுரை நுரையாக, புளிப்பே இல்லாமல் வந்தது என்பார்கள். பெரும்பாலும் அது அவசரமாகச் சாப்பிட்டதால் வருவது. இட்லியைக்கூட விண்டு, மென்று, இருபது நிமிடம் எடுத்துச் சாப்பிட வேண்டும். சாப்பாட்டோடு தண்ணீர் வேண்டாம். அரை மணி நேரம் கழித்துக் குடியுங்கள். ஆனால் வாந்தி நிற்கவே இல்லை என்றால் உடனே வந்துவிடுங்கள். பாதை ஒடுங்கியிருக்கலாம். பி1 சத்து குறைந்து நரம்பும் மூளையும் பாதிக்கப்படலாம்.

பைபாஸ் செய்தவர்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வது மூட்டுவலி மாத்திரையைப் பற்றி. மெடிக்கலில் கேட்டு வாங்கும் வலி மாத்திரைகளில் பல, குடல் இணைத்த இடத்தில் புண்ணை உண்டாக்கும். பீடி, சிகரெட்டும் அப்படியே.

ஸ்லீவ் செய்தவர்களுக்கு இன்னொன்று. நெஞ்சு கரிக்காவிட்டாலும் உள்ளே புண் இருக்கலாம். அதனால் ஓராண்டு முடிந்ததும் ஒருமுறை, பிறகு 2 அல்லது 3 ஆண்டுக்கு ஒருமுறை எண்டோஸ்கோப்பி பார்க்கச் சொல்கிறோம். எடை குறைந்து நன்றாக இருப்பவர்கள்தான் இதற்கு வருவதில்லை. வாணியம்பாடியிலிருந்து பஸ் ஏறி வந்து, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுக் காத்திருப்பது சிரமம்தான், எனக்குத் தெரியும். இருந்தாலும் இன்று டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்து, அறுவை சிகிச்சை நடந்த மாதத்தைப் பாருங்கள். ஓராண்டு தாண்டியிருந்தால், அடுத்த முறை சர்க்கரைப் பரிசோதனைக்கு வரும்போதே இதையும் சேர்த்துக் கேளுங்கள்.