டெவலப்பர் புரோகிராம் – உருவாக்குநர் திட்டம்

கடித உறையை ‘என்வலப்’ என்கிறோமே, அதுவும் ‘டெவலப்பர்’ என்பதும் ஒரே வேரில் கிளைத்தவை. பழைய பிரெஞ்சில் சுற்றிப் பொதிவதைக் குறித்த வினையோடு, நீக்கலைக் குறிக்கும் ‘தெஸ்’ என்ற முன்னொட்டு சேர்ந்தது. பொதிந்து கிடப்பதைப் பிரித்து வெளியே கொண்டுவருபவர் டெவலப்பர். பிலிமில் மறைந்திருக்கும் படத்தை வெளிக்கொணரும் இரசாயனத்துக்கும் இதே பெயர்தான். அந்த வேலையை நம் ஸ்டுடியோக்காரர்கள் ‘பிலிம் கழுவுவது’ என்றார்கள். கண்ணால் கண்டதைச் சொன்ன அருமையான தமிழ் அது.

‘புரோகிராம்’ கிரேக்கச் சொல். ஊரறிய எழுதி வைக்கும் அறிவிப்பு என்பது பழைய பொருள். கணினிக்கு எழுதப்படும் புரோகிராமை ‘நிரல்’ என்கிறோம். நிரல்நிறைப் பொருள்கோள் படித்தவர்களுக்கு நிரல் என்றால் வரிசை என்பது நினைவிருக்கும். ஆனால் இங்கே நிரல் பொருந்தாது. இது ஒரு நிறுவனம் வகுத்து, நம்மை உறுப்பினராகச் சேர்த்துக்கொள்ளும் ஏற்பாடு. ஆகவே ‘திட்டம்’.

ஆப்பிளின் திட்டத்தையே பார்ப்போம். 2008 மார்ச்சில் ஐபோன் செயலிகளுக்கான கருவித்தொகுப்போடு சேர்ந்து வந்தது. ஆண்டுக் கட்டணம் 99 டாலர். கட்டாமலும் எக்ஸ்கோட் என்ற ஆப்பிளின் செயலி எழுதும் மென்பொருளில் செயலி உருவாக்கிச் சொந்த ஐபோனில் ஓட்டிப் பார்க்கலாம். ஆனால் 7 நாளில் அது காலாவதியாகிவிடும். சேர்ந்தவர்கள் ஆப் ஸ்டோரில் வெளியிடலாம். அதற்கு முன் டெஸ்ட்ஃபிளைட் என்ற ஆப்பிளின் சோதனைச் சேவை வழியாக 10,000 பேர் வரை வெளியாட்களிடம் கொடுத்துச் சோதிக்கலாம். என் பார்வையில் இதுதான் பெரிய பயன்: நம் மேசையில் ஒழுங்காக ஓடியது அடுத்தவர் கையில் எங்கே இடறுகிறது என்று கடைக்கு வருமுன்பே தெரிந்துவிடும். ஆண்டு வருவாய் 10 லட்சம் டாலருக்குள் இருப்பவர்கள் விண்ணப்பித்தால், 2021 முதல், விற்பனையில் ஆப்பிள் எடுக்கும் பங்கு 30 விழுக்காட்டிலிருந்து 15 ஆகக் குறைகிறது. கூகுள் பிளேயில் பதிவுக் கட்டணம் ஒரே முறை, 25 டாலர். கற்கும் நிலையில் இருக்கும் மாணவர்கள் ஆப்பிளுக்கு அவசரப்பட்டுப் பணம் கட்ட வேண்டாம்; செயலி வெளியிடத் தயாரானதும் சேர்ந்தால் போதும்.

டெவலப்பரை ‘மேம்பாட்டாளர்’ என்று எழுதுவோரும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. மேம்படுத்த ஒன்று ஏற்கெனவே இருக்க வேண்டும். இவரோ இல்லாத ஒன்றுக்கு உருக் கொடுக்கிறார். ‘உருவாக்குநர்’ என்பதே சரி. ‘உருவாக்குனர்’ என்று றன்னகரம் போட்டு எழுதுவது பிழை. கடித உறையில் அனுப்புநர், பெறுநர் என்று எழுதுகிறோம் அல்லவா, அதே ‘நர்’ விகுதிதான் இதுவும்.