‘சிக்னல்’ என்றால் யாரோ அனுப்பினார்கள் என்று அர்த்தமில்லை

பள்ளிக்கூடங்களுக்கும் மொட்டைமாடிகளுக்கும் தொலைநோக்கியைத் தூக்கிக்கொண்டு போய் வானம் காட்டுவது என் வேலை. முன்பெல்லாம் நிலாவில் பள்ளம் தெரியுமா, சனிக்கு வளையம் தெரியுமா என்று கேட்பார்கள். 2025 அக்டோபரிலிருந்து ஒரே கேள்விதான்: “3ஐ/அட்லஸ் ஏலியன் கப்பலாமே, ஏன் மறைக்கிறீங்க?” பொறுமையாகப் பதில் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். டிசம்பரில் ஒரு அப்பா போன் செய்தார். ஏழாவது படிக்கும் மகன் 19-ம் தேதி அது பூமிக்கு வருகிறது என்று ஏதோ வீடியோ பார்த்துவிட்டு, மூன்று நாளாகத் தனியாகப் படுக்கவே மாட்டேன் என்கிறானாம். “சார், நீங்களே அவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க” என்றார். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

3ஐ/அட்லஸ் ஒரு வால்மீன். 2025 ஜூலை 1-ல் சிலியில் உள்ள அட்லஸ் தொலைநோக்கி கண்டுபிடித்தது. நம் சூரியக் குடும்பத்துக்கு வெளியிலிருந்து வந்து நாம் பார்த்தவற்றில் மூன்றாவது. டிசம்பர் 19-ல் அது பூமிக்கு மிக அருகில் வந்தது உண்மைதான், ஆனால் அந்த ‘அருகில்’ சுமார் 27 கோடி கிலோமீட்டர். நிலா இருக்கும் தூரத்தைப் போல 700 மடங்கு! அந்த வீடியோவில் தேதியைச் சொன்னவர் தூரத்தையும் சொல்லியிருந்தால் ஒரு பிள்ளை தூங்கியிருக்கும்.

அடுத்தது, அந்தக் ‘கப்பல்’ ரேடியோ சிக்னல் அனுப்பியது என்ற பேச்சு. இதை எத்தனை தடவை விளக்கினாலும் தீரவில்லை, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். தென்னாப்பிரிக்காவின் மீர்காட் ரேடியோ தொலைநோக்கி அக்டோபர் 24-ல் இந்த வால்மீனில் 1665, 1667 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளைப் பதிவு செய்தது. அந்த இரண்டு எண்களைப் பார்த்ததுமே ரேடியோ வானியல் படித்த யாருக்கும் ஹைட்ராக்சில்தான் ஞாபகம் வரும். வால்மீனின் பனி ஆவியாகி, நீர் மூலக்கூறு சூரிய ஒளியில் உடையும்போது மிஞ்சுவது அது. அதிலும் மீர்காட் பார்த்தது உறிஞ்சல் கோடுகள், அதாவது பின்னாலிருந்து வரும் ரேடியோ அலையை அந்த மூலக்கூறு விழுங்கிய தடம். வால்மீன் எதையும் ‘அனுப்பவே’ இல்லை. தண்ணீர் இருக்கிறது என்று சொன்ன ஒரு அளவீட்டை, கப்பல் பேசுகிறது என்று மாற்றிவிட்டார்கள்.

எங்கள் பேச்சில் சிக்னல் என்றால் இரைச்சலுக்கு மேலே தலைதூக்கும் எதுவும் சிக்னல்தான். சூரியனிலிருந்து வருகிறது, வியாழனிலிருந்து வருகிறது, வெறும் ஹைட்ரஜன் மேகத்திலிருந்து 1420 மெகாஹெர்ட்ஸில் வருகிறது. 1967-ல் ஜோசலின் பெல் என்ற ஆராய்ச்சி மாணவி பார்த்தது 1.33 விநாடிக்கு ஒரு துடிப்பு, கடிகாரம் போல. அந்தக் குழு அதற்கு விளையாட்டாக ‘சின்னப் பச்சை மனிதர்கள்’ என்றுகூடப் பெயர் வைத்தது. ஆனால் அதை அறிவித்துவிட்டு உட்காரவில்லை, வானத்தின் வேறு பக்கங்களிலும் தேடினார்கள், அங்கேயும் அதே மாதிரி துடிப்புகள் கிடைத்தன. அப்படித்தான் பல்சர், அதாவது வேகமாகச் சுழன்றபடி சீராகத் துடிக்கும் நட்சத்திரம், நமக்குத் தெரிய வந்தது. ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கியில் பல வருடமாகப் புரியாமல் இருந்த ஒருவகைத் துடிப்பு, கடைசியில் 2015-ல் அங்கேயே இருந்த மைக்ரோவேவ் அடுப்பின் கதவை அது ஓடி முடிக்கும் முன்பே திறந்ததால் வந்தது என்று தெரிந்தது. அதைக் கண்டுபிடித்தவர்கள் மறைக்கவில்லை, ஆய்வுக் கட்டுரையாகவே எழுதினார்கள்.

சரி, நாசா இந்த வால்மீனின் படத்தை ஏன் உடனே வெளியிடவில்லை என்பீர்கள். செவ்வாயைச் சுற்றும் விண்கலம் அக்டோபர் 2-ல் எடுத்த படம் நவம்பர் 19-ல்தான் வந்தது, உண்மை. படம் எடுத்ததற்கு முந்தின நாள், அக்டோபர் 1-ல்தான், பட்ஜெட் நிறைவேறாமல் அமெரிக்க அரசு அலுவலகங்கள் முடங்கின. அது நவம்பர் 12 வரை நீண்டது. அந்த இடைவெளியிலேயே ஐரோப்பிய விண்வெளி முகமை தன் படத்தை வெளியிட்டுவிட்டது. உலகம் முழுக்கச் சொந்தத் தொலைநோக்கி வைத்திருப்பவர்களும் படம் எடுத்துப் போட்டார்கள். இவர்கள் அத்தனை பேர் வாயையும் யார் அடைப்பது?

தேடாமலும் இல்லை. டிசம்பர் 18-ல் அமெரிக்காவின் கிரீன் பேங்க் ரேடியோ தொலைநோக்கியை இந்த வால்மீன் பக்கமே திருப்பிக் கேட்டார்கள். செயற்கையான ஒலிபரப்பு எதுவும் இல்லை.

தயவுசெய்து இனி ஒரு வீடியோவை அனுப்பும் முன், எந்தத் தொலைநோக்கி, எத்தனை கிலோமீட்டர், யார் சொன்னது என்று பாருங்கள். மூன்றும் இல்லையென்றால் அழித்துவிடுங்கள். ‘சும்மா பார்வர்ட் பண்ணேன்’ என்று சொல்லாதீர்கள், உங்கள் வீட்டுப் போனில் குழந்தைகளும் பார்க்கிறார்கள். பயந்துபோன பிள்ளையிடம் ‘ஒன்றுமில்லை போ’ என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். தூரத்தை எண்ணாகச் சொல்லுங்கள், பிள்ளைகளுக்கு எண் புரியும்.

அந்தப் பையனை மாடிக்கு வரச் சொன்னேன். ஒன்பது மணிக்கு வியாழன் நன்றாக மேலே வந்திருந்தது. ஒரு கண்ணை மூடத் தெரியாமல் கையால் பொத்திக்கொண்டு பார்த்தான். பக்கத்தில் வரிசையாக நாலு புள்ளி தெரிகிறது என்றான். அதில் ஒன்று வியாழனின் நிலாவான யூரோப்பா, பனி ஓட்டுக்கு அடியில் கடல் இருப்பதற்கு வலுவான ஆதாரம் இருக்கிறது, உயிர் வாழ ஏற்ற இடமா என்று பார்க்க 2024 அக்டோபரில் கிளம்பிய விண்கலம் 2030 ஏப்ரலில் வியாழனைப் போய்ச் சேரும் என்றேன். விரல்விட்டு எண்ணினான். “அப்போ எனக்குப் பதினொன்றாவது முழுப்பரீட்சை சார்” என்று சொல்லிவிட்டு, மறுபடி கண்ணைப் பொத்திக்கொண்டு குனிந்தான்.